மாத்திரைக்கும் புரட்டாசி விரதமா? கொலஸ்ட்ரால் பற்றி வாசகர் கேள்விகள்

புரட்டாசியும் தீபாவளியும் முடிந்த கையோடு கொலஸ்ட்ரால் பற்றி நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. பதில்களுக்கு முன் ஒரு குறிப்பு. தென்னாப்பிரிக்க ஆய்வகங்கள் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் எண்ணைத் தருகின்றன. சென்னை மருத்துவர்களின் காணொளிகளில் கேட்கும் 200, 130 போன்றவை 100 மில்லிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. நம் எண்ணை 38.7ஆல் பெருக்கினால் அவர்கள் கணக்கு கிடைக்கும். இங்குள்ள 5, அங்கே ஏறக்குறைய 193. இந்தப் பெருக்கல் டிரைகிளிசரைடு என்ற இன்னொரு இரத்தக் கொழுப்புக்குப் பொருந்தாது, அதற்கு 88.6.

கேள்வி: எனக்கு வயது 52. இரண்டு வருடமாகக் கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாடின் 20 மில்லிகிராம் எடுத்து வந்தேன். ஜூலையில் எல்.டி.எல். ('கெட்ட' கொலஸ்ட்ரால்) 2.6 என்று வந்தது, டாக்டரும் நன்றாக இருக்கிறது என்றார். புரட்டாசி மாதம் முழுக்க சைவம்தானே, மாத்திரை எதற்கு என்று நிறுத்தினேன். தீபாவளி கழித்துப் பார்த்தால் எல்.டி.எல். 4.7! ஒரு துண்டு இறைச்சி தொடவில்லை. விரதம் இருந்ததற்கு இதுவா பலன்?
— வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: உங்கள் விரதத்தில் ஒரு குறையும் இல்லை, அம்மா. எண் ஏறியதற்குக் காரணம் மாத்திரையை நிறுத்தியதுதான்.

இரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு சாப்பாட்டுத் தட்டிலிருந்து வருவதில்லை. உடம்பே அதைச் செய்துகொள்கிறது. கல்லீரல் அதில் முக்கியமான இடம். உங்கள் மாத்திரை ஸ்டாடின் என்ற வகையைச் சேர்ந்தது, அது அந்தத் தயாரிப்பைக் குறைக்கிறது. கையிருப்பு குறைந்ததும் கல்லீரல், இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து இழுக்கும் கொக்கிகளைத் தன் மேற்பரப்பில் கூடுதலாக வைத்துக்கொள்கிறது. எல்.டி.எல். இறங்குவது இப்படித்தான். மாத்திரை நின்றால் தயாரிப்பு பழையபடி ஓடும், கொக்கிகள் குறையும், சில வாரங்களில் எண் பழைய இடத்துக்கே போய்விடும். மாத்திரை தொடங்குவதற்கு முன்பு எடுத்த சீட்டு வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அட்டோர்வாஸ்டாடின் 20 மில்லிகிராம் எல்.டி.எல்.லை 40 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைக்கும். அப்படியானால் உங்கள் சொந்த எண் 4.6ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். இப்போது வந்த 4.7 புதிய நோயின் அடையாளம் அல்ல, பழைய எண் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஜூலையில் வந்த 2.6ஐ 'குணமாகிவிட்டது' என்று படித்ததில்தான் தவறு நேர்ந்தது. அது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கான சான்று. கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகத் தெரிகிறது என்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றி வைப்பதில்லையே.

சைவம் பற்றியும் சொல்ல வேண்டும். கீரை, டால், காய்கறி, சோறு என்று இருந்தால் எல்.டி.எல். கொஞ்சம் இறங்கும், கவனமாகச் சாப்பிட்டாலும் பலருக்கு அது 10 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். ஆனால் நம் வீடுகளில் புரட்டாசி என்றால் பூரியும் உருளைக்கிழங்கும், வடை, நெய்ச்சோறு, சீஸ், பிறகு தீபாவளிக்குப் பர்ஃபியும் குலாப்ஜாமூனும். ஒரு மேசைக்கரண்டி நெய்யில், எல்.டி.எல்.லை ஏற்றும் நிறைகொழுப்பு (saturated fat) 8 கிராமுக்கு மேல், 30 கிராம் செடார் சீஸில் ஏறக்குறைய 6 கிராம். கொலஸ்ட்ரால் கூடியவர் ஒரு நாள் முழுவதற்கும் 15 கிராம் அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. இறைச்சி இல்லை என்பதால் கொழுப்பு இல்லை என்று ஆகிவிடாது.

இனிச் செய்ய வேண்டியது: மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, பழைய அளவிலேயே மாத்திரையைத் தொடங்குங்கள். விட்ட நாட்களுக்கு ஈடாக இரண்டு இரண்டாக விழுங்க வேண்டாம். 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி இரத்தம் கொடுங்கள். 'மாத்திரை எடுத்தேன், எண் ஏறிவிட்டது' என்று மட்டும் சொன்னால் மருத்துவர் அளவைக் கூட்டிவிடுவார். எனவே நிறுத்தியிருந்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். அடுத்த புரட்டாசியில் மாத்திரையில் விலங்குப் பொருள் இருக்குமோ என்ற மனக்குறை இருந்தால், மருந்தாளரிடம் சேர்மானப் பட்டியலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரே மருந்து பல நிறுவனங்களின் தயாரிப்பாகக் கிடைக்கிறது. மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் ஒரு மாதம்கூடத் தாமாக நிறுத்தக் கூடாது. அவர்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்டது.

கேள்வி: வயது 61. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 10, கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாடின் 40. நாலைந்து மாதமாக இரண்டு தொடையும் கனத்து வலிக்கின்றன. அண்ணன் மகன் ஸ்டாடின் தசையைத் தின்றுவிடும் என்கிறான். விட்டுவிடவா?
— வாசகர், பீனிக்ஸ்

பதில்: ஸ்டாடினை விட்டுவிட வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதியுள்ள இந்த இரண்டு மருந்துகளும் இதே அளவுகளில் ஒன்றாகத் தொடரக் கூடாது. அம்லோடிபின் எடுப்பவருக்கு சிம்வாஸ்டாடின் ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அம்லோடிபின், சிம்வாஸ்டாடின் சிதைந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. இரத்தத்தில் அது தேங்கி, தசைவலிக்கு வழி வைக்கிறது. இரண்டையும் வேறு வேறு மருத்துவர்கள் எழுதித் தரும்போது இது கண்ணில் படாமல் போகிறது. இந்த வாரமே இரண்டு பெட்டிகளையும் கையில் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கோ மருந்தாளரிடமோ போங்கள்.

உங்களுக்கு வந்திருப்பது போல, இரண்டு பக்கமும், தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில், மாத்திரை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் வரும் வலி ஸ்டாடினால் இருக்க வாய்ப்புண்டு. ஒரு முழங்காலில் மட்டும் வலி, இடுப்பிலிருந்து ஒரு காலில் இறங்கும் வலி, மூட்டு வீக்கம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். தைராய்டு குறைவாக இருந்தால் தசையும் வலிக்கும், கொலஸ்ட்ராலும் ஏறும். அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். கூடவே தசை பாதிப்பைக் காட்டும் சி.கே. என்ற இரத்தச் சோதனையும். வழக்கமான நடைமுறை இது: மருத்துவரின் சொற்படி 2 முதல் 4 வாரம் நிறுத்துவார்கள். வலி போனால், குறைந்த அளவிலோ வேறொரு ஸ்டாடினிலோ மறுபடி தொடங்குவார்கள். வலி போகவில்லை என்றால் குற்றவாளி மாத்திரை அல்ல. உங்களைப் போன்றவருக்கு அம்லோடிபினோடு இவ்வளவு மோதாத ரோசுவாஸ்டாடின் ஒரு நல்ல மாற்று. ஆசிய வம்சாவளியினரின் இரத்தத்தில் அந்த மருந்து மற்றவர்களைவிடக் கூடுதலாக நிற்பதால் நமக்கு 5 மில்லிகிராமில் தொடங்குவதே முறை.

அண்ணன் மகனுக்கும் ஒரு செய்தி. பக்கவிளைவு என்று ஸ்டாடினைக் கைவிட்ட 60 பேரை வைத்து பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது, 2020இல் வெளியானது. சில மாதம் உண்மையான மாத்திரை, சில மாதம் மருந்தே இல்லாத போலி மாத்திரை, சில மாதம் எதுவும் இல்லை. எது எந்த மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாடினில் உணர்ந்த தொல்லையில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் இருந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தம் அல்ல. வலி நிஜம், காரணம்தான் பெரும்பாலும் வேறு. 2022இல் பெரிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஸ்டாடின் எடுப்பவர்களில் தசைவலி சொல்லும் ஏறக்குறைய 15 பேரில் ஒருவருக்கே அது மாத்திரையால் வந்தது என்று தெரிந்தது.

தசை உண்மையிலேயே சிதைவது மிக அரிது. ஆனால் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்: கடும் வலி, எழுந்து நிற்க முடியாத பலவீனம், கறுப்புத் தேநீர் நிறத்தில் சிறுநீர். இப்படி வந்தால் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். சிம்வாஸ்டாடின் எடுப்பவர்கள் கிரேப்ஃப்ரூட் பழமும் சாறும் அடியோடு தவிர்க்க வேண்டும். காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்துக்கொண்டாலும் பயன் இல்லை, குடலில் அதன் விளைவு ஒரு நாளுக்கு மேல் நிற்கிறது. நெஞ்சுச் சளிக்கு கிளாரித்ரோமைசின் எழுதினால், அந்த மருந்து முடியும் வரை சிம்வாஸ்டாடினை நிறுத்தி வைக்க வேண்டும். எச்.ஐ.வி. மருந்துகளில் சிலவற்றோடு சிம்வாஸ்டாடின் சேரவே கூடாது. காசநோய்க்கு எடுக்கும் ரிஃபாம்பிசின் நேர்மாறு, ஸ்டாடினின் பலனைக் குறைத்துவிடும். எந்த மருந்துச் சீட்டு வாங்கினாலும் 'நான் ஸ்டாடின் எடுக்கிறேன்' என்று சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி: மருந்துக்கடையில் விரல் குத்திப் பார்த்ததில் எனக்கு 5.8, மனைவிக்கு 5.2. அவளுக்குப் பரவாயில்லை, எனக்குத்தான் ஆபத்து என்று நினைத்தோம். பிறகு லிப்போகிராம் என்ற முழுக் கொழுப்புச் சோதனை எடுத்தோம். எனக்கு எச்.டி.எல். ('நல்ல' கொலஸ்ட்ரால்) 1.7, டிரைகிளிசரைடு 1.1. அவளுக்கு 0.8, 3.3. இதை எப்படிப் படிப்பது?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: மொத்த எண் மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஏமாறுவோம். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழியுங்கள். உங்களுக்கு 4.1, அவருக்கு 4.4. இரத்தக் குழாய்ச் சுவருக்குள் புகக்கூடிய துகள்கள் எல்லாம் இந்த எண்ணுக்குள் அடங்கும். ஆக, மொத்தம் குறைந்தவருக்குத்தான் சுமை கூடுதல். எல்.டி.எல். தனியாக வேண்டுமானால் டிரைகிளிசரைடை 2.2ஆல் வகுத்து அதையும் கழிக்க வேண்டும்: உங்களுக்கு ஏறக்குறைய 3.6, அவருக்கு 2.9. அந்த 2.9ஐப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. எச்.டி.எல். குறைவு, டிரைகிளிசரைடு கூடுதல் என்ற இந்தச் சேர்க்கை இந்திய வம்சாவளியினரிடம் அடிக்கடி காண்பது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அறிகுறி. அவருக்கு எச்.பி.ஏ.1.சி. சர்க்கரைச் சோதனையும், இடுப்புச் சுற்றளவும், இரத்த அழுத்தமும் உடனே பார்க்க வேண்டும். டிரைகிளிசரைடு இறங்க வெள்ளைச் சோறு, ரொட்டி, குளிர்பானம், மது ஆகியவற்றைக் குறைத்தாலே நல்ல பலன் தெரியும்.

பட்டினியாகத்தான் இரத்தம் கொடுக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் தேவையில்லை. டிரைகிளிசரைடு 4.5க்கு மேல் வந்தால் மட்டும் 10 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் மறுபடி பாருங்கள். தண்ணீர் குடிக்கலாம். அது 10ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் அபாயம் உண்டு, காத்திருக்கக் கூடாது.

கேள்வி: எனக்கு 34. ஒல்லியான உடம்பு. மூன்று முறை காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடி முடித்திருக்கிறேன். வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் எல்.டி.எல். 6.2. சோதனை தப்பு என்றுதான் நினைக்கிறேன். அப்பா 46 வயதில் மாரடைப்பில் போனார், ஆனால் அவர் புகைப்பார், ஓடமாட்டார்.
— வாசகர், வெருலம்

பதில்: தம்பி, இந்த இதழில் நாங்கள் மிகவும் கவலையோடு எழுதும் பதில் இதுதான். சோதனையை ஒரு முறை திரும்ப எடுங்கள். தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் சோதனைகளும் சேர்த்து. மறுபடியும் 5க்கு மேல் வந்தால், அப்பாவின் கதையையும் சேர்த்துப் பார்க்கையில், இது குடும்ப வழி வரும் கொலஸ்ட்ரால் நோயாக இருக்க வாய்ப்பு மிகவும் அதிகம். முதல் பதிலில் சொன்ன கல்லீரல் கொக்கிகளைச் செய்யும் மரபணுவில் பிறவியிலேயே பழுது. ஓட்டத்தாலும் உணவாலும் அந்தப் பழுதைச் சரிசெய்ய முடியாது. பிறந்த நாள் முதல் குழாய்ச் சுவர்கள் அந்தச் சுமையைத் தாங்கி வந்திருக்கின்றன. 90 கிலோமீட்டர் அளவுக்கு ஓடக்கூடிய கால்கள் இருந்தும் இதயக் குழாய் அடைத்திருக்கலாம்.

உலக அளவில் ஏறக்குறைய 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் இது உண்டு. இந்த நாட்டில் ஆஃப்ரிகானர் (டச்சு வழி வந்த வெள்ளையர்), யூத, குஜராத்தி வழியினரிடம் இன்னும் அதிகம். ஒரு சிலரிடமிருந்து பெருகிய சமூகங்கள் என்பதால். தமிழ்க் குடும்பங்களுக்கு விலக்கு இல்லை.

குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த தசைநாணை விரலால் பிடித்துப் பாருங்கள். கட்டிகட்டியாக, அகலமாகத் தட்டுப்பட்டால் அது கொழுப்புப் படிவு. ஓட்டக்காரர்கள் இதைக் காயத் தழும்பு என்று நினைத்துவிடுவார்கள். கருவிழியைச் சுற்றி வெண்வளையம் 45 வயதுக்குள் வந்தாலும் குறிப்புத்தான். இரண்டும் இல்லாவிட்டாலும் நோய் இல்லை என்று சொல்ல முடியாது.

சிகிச்சை ஒரு சாதாரண மாத்திரையில் நிற்காது. வலுவான அளவு ஸ்டாடின் 6.2ஐப் பாதியாக்கி 3.1க்குக் கொண்டு வரும். ஸ்டாடினின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது வெறும் 6 சதவீதம் என்பதால், அதற்குமேல் எஸெட்டிமைப் 10 மில்லிகிராம் சேர்ப்பார்கள். அது குடலில் கொலஸ்ட்ரால் ஏறுவதைத் தடுத்து இன்னும் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும், 2.5 வரும். அதுவும் போதாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசிகள் உள்ளன, விலைதான் தடை. கொலஸ்ட்ரால் நோய்களைப் பார்க்கும் லிப்பிட் கிளினிக்குக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அடுத்த ஓட்டப் பயிற்சிக்கு முன் இதயப் பரிசோதனையும் அவசியம். கூடப்பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும், உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிள்ளைகளுக்கு 10 வயதுக்குள் ஒரு இரத்தச் சோதனை எடுத்துவிடுங்கள். சீக்கிரம் தொடங்கினால் அவர்கள் மற்றவர்களைப் போல வாழலாம்.

கேள்வி: சூரியகாந்தி எண்ணெய்ப் போத்தலில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருக்கிறது. தேங்காய் எண்ணெயிலும் இல்லையாமே, எது நல்லது? முட்டையை நிறுத்தவா? ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய பன்னிச் சௌ பிள்ளைகள் கேட்டால் வாங்காமல் இருக்க முடியவில்லை.
— வாசகி, டோங்காட்

பதில்: எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, போத்தலில் எழுதியது உண்மை, ஆனால் அதனால் ஒரு தகவலும் கிடைக்கவில்லை. பார்க்க வேண்டியது நிறைகொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது 80 சதவீதத்துக்கு மேல், நெய்யில் 60ஐ ஒட்டி, பாமாயிலில் ஏறக்குறைய பாதி, சூரியகாந்தியில் 11, கனோலாவில் 7. தினச் சமையலுக்குக் கடைசி இரண்டும் போதும். தேங்காய் எண்ணெய் தலைக்கு நன்று. செயற்கை டிரான்ஸ் கொழுப்பை இந்த நாட்டில் 2011இலேயே சட்டம் 100 கிராம் கொழுப்புக்கு 2 கிராம் என்று கட்டுப்படுத்திவிட்டது, அதனால் மார்ஜரின் பற்றிய பழைய பயம் பெரிதும் தேவையில்லை.

முட்டை: ஒரு மஞ்சள் கருவில் 200 மில்லிகிராம் அளவு கொலஸ்ட்ரால். கேட்கப் பெரிதாக இருந்தாலும் இரத்தத்தில் அதன் தாக்கம் சிறிது. வாரத்துக்கு நாலைந்து சாப்பிடலாம், வெண்ணெயில் பொரிக்காமல்.

பன்னிச் சௌவுக்கு ஆட்டுக்கறியை விட பீன்ஸ் நல்லது. சர்க்கரை பீன்ஸில் உள்ள நார் எல்.டி.எல்.லைக் குறைக்கவும் செய்யும். ஆட்டுக்கறிதான் வேண்டும் என்றால் வீட்டில் முதல் நாளே சமைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் மேலே வெள்ளையாக உறைந்து நிற்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டுச் சூடாக்குங்கள். மசாலா கீழேதான் இருக்கிறது, ருசி போகாது. கால் ரொட்டியை இருவர் பகிருங்கள். டின் பில்சார்ட் மீன் சட்னி வாரம் இருமுறை வைத்தால் மிகவும் நல்லது.

கேள்வி: பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் வினிகர், தேன் காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரையும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அக்கா மாத்திரையை விட்டு இதைக் குடிக்கிறார்.
— வாசகர், மெரிபேங்க்

பதில்: கரையாது. அடைப்பு என்பது குழாயின் உட்புறம் ஒட்டிய அழுக்கு அல்ல, சுவருக்குள்ளேயே வளர்ந்த புண். குடிக்கும் எதுவும் அதைக் கழுவ முடியாது. எல்.டி.எல். நன்றாக இறங்கினால் அந்தப் புண் ஆறி இறுகும், வெடிக்கும் வாய்ப்புக் குறையும். அக்கா மாத்திரையோடு சேர்த்து அந்தச் சாற்றைக் குடிக்கட்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் மட்டும் பூண்டு மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். உண்மையில் வேலை செய்யும் வீட்டு வழி வேண்டுமானால் தினமும் முக்கால் கோப்பை வேகவைக்காத ஓட்ஸ், அதிலுள்ள ஏறக்குறைய 3 கிராம் கரையும் நார் எல்.டி.எல்.லை 5 சதவீதமாவது குறைக்கும். 'சிவப்பு ஈஸ்ட் அரிசி' என்று விற்பதில் இருப்பது லோவாஸ்டாடின் என்ற ஸ்டாடினே. மாத்திரையோடு அதையும் எடுத்தால் இரட்டை அளவாகிவிடும்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய், வயது 47. எல்.டி.எல். 2.9தான், ஆனாலும் ஸ்டாடின் எழுதுகிறார்கள். அது சர்க்கரையைக் கூட்டும், கல்லீரலைக் கெடுக்கும் என்கிறார்களே?
— வாசகி, லெனேசியா

பதில்: சர்க்கரை உள்ளவர் 40 வயதைத் தாண்டினால் எண் என்னவாக இருந்தாலும் ஸ்டாடின் தருவது முறை, ஏனென்றால் மருந்து குறைப்பது மாரடைப்பையும் பக்கவாதத்தையும். எல்.டி.எல். 1 மில்லிமோல் இறங்கினால் அவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. ஆண்டுகள் கூடக் கூட இந்தப் பலனும் கூடும். சர்க்கரை சற்று ஏறுவது உண்மை, ஆனால் சிறிது. ஏற்கெனவே எல்லையில் நிற்பவருக்கு நோய் சில மாதம் முன்னதாகத் தெரியவரும், அவ்வளவே. தொடங்கும் முன் கல்லீரல் சோதனை ஒன்று எடுப்பார்கள். கொழுப்புக் கல்லீரல் இருந்தால் ஸ்டாடின் கூடாது என்பது தவறு. கருத்தரிக்க எண்ணும் பெண்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி நிறுத்த வேண்டும்.

கேள்வி: ஆயாவுக்கு 79. இந்த வயதில் கொலஸ்ட்ரால் மாத்திரை எதற்கு?
— வாசகர், டர்பன்

பதில்: முன்பு மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் தொடரட்டும். எதுவும் வந்ததில்லை, உடம்பும் தளர்ந்துவிட்டது, பத்து மாத்திரை விழுங்குகிறார் என்றால், எதை விடலாம் என்று மருத்துவரோடு உட்கார்ந்து பேசுவது நியாயமே.

கேள்வி: என் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு அதிலுள்ள என் சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுக்கிறது. இது சரியா?
— வாசகர், அம்ஷ்லாங்கா

பதில்: கொலஸ்ட்ரால் மிகைப்பு, சட்டப்படி எல்லா மெடிக்கல் எய்ட் திட்டங்களும் ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் தானாக நடக்காது. மருத்துவர் 'க்ரானிக்' படிவம் நிரப்பி, லிப்போகிராம் சீட்டு, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்ப வரலாறு எல்லாம் இணைத்து அனுப்ப வேண்டும். சிகிச்சைக்கு முந்தைய லிப்போகிராம் கேட்பார்கள், அதைத் தொலைக்காதீர்கள். அவர்கள் பட்டியலில் உள்ள பொது (ஜெனரிக்) மருந்தைத்தான் முழுதாகத் தருவார்கள். விலை உயர்ந்த பிராண்டைக் கேட்டால் வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். உள்ளிருக்கும் மருந்து ஒன்றே. பட்டியல் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை அல்லது எண் இறங்கவில்லை என்றால் மருத்துவர் காரணம் விளக்கும் 'மோட்டிவேஷன்' கடிதம் எழுதி வேறு மருந்து கேட்கலாம். மருந்துச் சீட்டு 6 மாதத்தில் காலாவதியாகும். டிசம்பரில் மருத்துவர்கள் விடுமுறையில் போய்விடுவார்கள், ஆகவே நவம்பரிலேயே புதுச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.